இடது மட்கார்டு

லூயானோ, ஹவானா
மார்ச் 9

அன்பு மகள் மாயெலினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நன்றாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அமெரிக்காவில், உன் டம்பாவில் குளிர் குறைந்ததா?

அப்பாவை அடக்கம் செய்து பதினெட்டு நாள் ஆகிறது. நீ வராததை யாரும் குறையாகச் சொல்லவில்லை. விசா கதை இங்கே எல்லாருக்கும் தெரியும்.

ஃபெர்மின் கொண்டுவந்து விட்ட பழைய செவ்ரலே கார் நம் பட்டறையில் பாதி வேலையோடு நின்றுபோனது. வலது மட்கார்டை அப்பா அடித்து முடித்திருந்தார். இடதுக்குத் தகடு வெட்டி வளைத்ததோடு சரி. வருகிற சனிக்கிழமை ஃபெர்மின் மகளுக்குப் பதினைந்து வயது நிறைகிறது. நம் ஊர் வழக்கப்படி அந்த வண்டியில்தான் அவளை ஊர்வலம் கூட்டிப் போக வேண்டும். கடையில் வாங்கிப் போட இந்த ஊரில் மட்கார்டு ஏது?

அடுத்த தெரு டிங்கர் நிகானோரைக் கூப்பிட்டேன். அவர் வெளியே சுத்தியலால் அடிக்க, நான் அப்பாவுக்குப் பிடிப்பது போலவே உள்பக்கம் இரும்புக்கட்டியைப் பிடித்தேன். அப்பா ஒரு இடத்தில் இரண்டு அடி போட்டுவிட்டு முன்னால் நகர்வார். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். என் கை தானாக நகர்ந்துவிட்டது. நிகானோர் மூன்றாவது அடியையும் அங்கேயே போட்டார். பின்னால் இரும்பு இல்லை, தகடு குழிந்துவிட்டது. நாலு தடவை இப்படி.

"என்னப் பாத்தா உன் புருஷன் மாதிரியா இருக்கு? நான் அடிக்கிற எடத்துல பிடி, தாயே!" என்று கத்தினார். பிறகு, "சரி விடு. குழியில பட்டி பூசி மூடிரலாம். பெயிண்ட் ஏறிட்டா எவனுக்குத் தெரியும்?" என்றார்.

அப்பா செய்த வண்டியில் பட்டி ஏறியதில்லை. வேண்டாம் என்றேன். சுத்தியலை வாங்கிக்கொண்டு அவரை உள்ளே பிடிக்கச் சொன்னேன். "நீயா அடிக்கப் போற? என் விரலு பத்தும் எனக்கு வேணும், பாத்துக்க" என்றார்.

அப்பாவின் அடி எங்கே விழும் என்று உள்பக்கத்திலிருந்தே என் கைக்குத் தெரியும். அங்கேயே அடித்தேன். இரண்டு நாள் ஆனது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மட்கார்டையும் உள்ளங்கையால் தடவினேன். வித்தியாசம் தெரியவில்லை. நிகானோரும் தடவிப் பார்த்துவிட்டு, "அவன் இதப் பாத்திருந்தா பொறாமையிலயே செத்திருப்பான்" என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

நேற்று ஃபெர்மின் வண்டியை எடுத்துப் போனார். பட்டறையைப் பெருக்கிவிட்டேன்.

மகளே, பட்டறைச் சாமான்களை விற்றுவிட்டு உன்னிடம் வா என்று இனி எழுதாதே. அழுதாயா என்றும் போனில் கேட்காதே. உனக்கு அழுகை வந்தால் அடக்காதே. எனக்கும் சேர்த்து அழுதுவிடு. கருணை மாதா உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
தெல்மிரா