வேப்பமரத்தின் மேற்கே ஒரு கியர்பாக்ஸ்

ஜனவரி 5, திங்கள்

லாரியிலிருந்து கழற்றிய கியர்பாக்ஸை வேப்பமரத்தின் மேற்குப் பக்கம் வைப்பது என்று, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இன்று காலை முடிவாயிற்று. கிழக்குப் பக்கம் என் மனைவி அஜீஸுன்னிசா துணி காயப்போடும் எல்லை. பேச்சுவார்த்தையில் இரு தரப்பிலும் உயிர்ச்சேதம் இல்லை.

மூன்றாவது கியர் போட்டால் தானாக வெளியே குதித்துவிடுகிறது. கூடவே மாவரைக்கும் சத்தம். பல்லடத்தில் ஒரு பட்டறைக்காரர் வண்டியை எட்டிப் பார்க்காமலேயே, "மொத்தமா வேற பாக்ஸ் மாத்தீருங்க" என்றார். என் லாரியின் மொத்த மதிப்பும் அந்த பாக்ஸில் பாதி தேறாது. ஆகவே நானும் டிரைவர் மயில்சாமியும் நாங்களே பிரிப்பதாக இருக்கிறோம். அவர் அந்தக் கியரைப் பல வருடம் போட்டவர். நான் அதைப் பற்றிப் படித்தவன். பிரித்தவர் யாரும் எங்களில் இல்லை.

ஜனவரி 6

அஃப்சல் வந்தார். மனைவியின் தம்பி, பனியன் கம்பெனி முதலாளி. என் லாரி ஓடுவதே அவருடைய துணி ரோல்களை ஏற்றித்தான். மையத்து வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர் போலக் கியர்பாக்ஸின் முன் கொஞ்ச நேரம் நின்றார்.

"மச்சான், பொங்கல் லீவு முடிஞ்சு பத்தொம்பதாந் தேதி கம்பெனி தொறக்குது. அன்னைக்கு வண்டி வரலீன்னா பெரிய டிரான்ஸ்போர்ட்டுக்குக் குடுத்துருவேன். இதைத் தள்ளிட்டு நம்ம கோடவுனுக்கு வந்துருங்க. ஃபேன் போட்டு, சேர் போட்டு வெக்கிறேன். உங்களுக்குப் புக்குப் படிக்கவும் டைம் கெடைக்கும்."

அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் பயமாக இருக்கிறது. என் வண்டியில் நான் ஓனர். அவர் கோடவுனில் நான் அக்கா வீட்டுக்காரர். அந்தப் பதவியில் ஓய்வுபெறும் வயதும் கிடையாது.

ஜனவரி 7

பாக்ஸைத் திறந்தோம். தேய்ந்துபோன ஒரு பேரிங்தான் குற்றவாளி. தண்டிலிருந்து அது வரவில்லை. "அடிச்சா ஒடைஞ்சிருமுங்க" என்றார் மயில்சாமி. அடித்தேன். அவர் சொன்னபடியே உடைந்தது. சுத்தியல்.

ஜனவரி 8

பேரிங்கை இழுக்க புல்லர் வேண்டும். அந்த அளவில் பலரிடம் இல்லை. இருப்பவர்கள் தருவதாக இல்லை. செய்துகொள்வது என்று சாமளாபுரம் காயலான்கடைக்குப் போனோம். கடைக்காரர் சின்னாத்தாள். கழித்துப் போட்ட தறி பீம் தட்டுகள் அங்கே கிடந்தன. பாவு சுற்றும் உருளையின் ஓரத்தில் இருக்கும் கனமான வட்ட இரும்பு. இரண்டு கேட்டேன்.

"ஏனுங்க பாய், உங்க லாரியே எங்கடைக்கு வருதுன்னு பேசிக்கிட்டாங்கொ. நீங்க என்னடான்னா இங்கிருந்து இரும்பு தூக்கீட்டுப் போறீங்கொ?"

"அது இங்க வராம இருக்கத்தாங்க இது."

"செரி, கொண்டு போங்க. ஆகலீன்னா லாரியோட சேத்தி எடை போட்டுக்கறேன்."

கொடுத்தார். பழைய ஜாக்கியின் திருகு ஒன்றையும் கேட்காமலேயே எடுத்துப் போட்டார்.

ஜனவரி 10

ஒரு தட்டை இரண்டாக அறுத்து பேரிங்குக்குப் பின்னால் கொடுத்தோம். இன்னொன்றை முன்னால் வைத்து, நீள போல்ட்டுகளால் இரண்டையும் பிணைத்தோம். நடுவில் ஜாக்கித் திருகு. திருகு தண்டைத் தள்ள, தட்டு பேரிங்கை இழுக்க வேண்டும். காகிதத்தில் நேற்றே இழுத்துவிட்டது. இரும்பில் இன்று மதியம்தான் 'டக்' என்றது.

"வருதுங்க பாய்! வருது!"

மூன்று குழந்தைகள் பிறந்தபோது நான் இவ்வளவு கிட்டத்தில் இருந்ததில்லை.

ஜனவரி 11

கியர்பாக்ஸை நிமிர்த்தி வைக்க ஒரு ஸ்டாண்ட் வேண்டும். வீட்டில் அந்த அளவுக்கு உறுதியானது கிரைண்டர் ஸ்டாண்ட் ஒன்றுதான். கேட்டேன்.

"இட்லிக்கு ஊறப்போட்டிருக்கேன்" என்றாள் அஜீஸுன்னிசா. "அதையும் உங்க பாக்ஸுலயே அரைச்சுக் குடுத்துருங்க. நல்லா அரைக்குதுன்னீங்களே."

மாலையில் அவளே கிரைண்டரை இறக்கி வைத்துவிட்டு ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வேப்பமரம் வரை வந்து, எல்லையையும் தாண்டி.

ஜனவரி 13

புது பேரிங் கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தது. சூடு செய்தால் விரிந்து தண்டில் சுலபமாக ஏறும். பழைய வடைச் சட்டியில் எண்ணெய் ஊற்றிப் போட்டோம். "பொன்னிறமா வந்ததும் சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து குரல். போர்வெல் பைப் துண்டை மேலே வைத்து இரண்டு முறை தட்டியதும் உட்கார்ந்துவிட்டது. இனி மூட வேண்டியதுதான்.

துடைத்ததெல்லாம் பனியன் வேஸ்ட்டில். இந்த ஊரில் எண்ணெய் துடைக்க யாரும் துணி வாங்குவதில்லை. கட்டிங்கில் விழுந்தது மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். தூசி போகாமல் பாக்ஸின் ஓட்டைகளை அடைத்து வைத்ததும் அதைக் கொண்டுதான்.

ஜனவரி 14

வண்டியில் மாட்டினோம். மங்கலம் ரோட்டில் மூன்றாவது கியர் கல்லாட்டம் நின்றது. திரும்பும்போது ஒரு வாடை. இரும்புத்தூள் இருக்கிறதா பார்ப்போம் என்று எண்ணெயை வடித்தோம்.

இரும்பு இல்லை. ரோஸ் நிறத்தில் பஞ்சு.

"பொம்பளப் புள்ளைங்க டி-சர்ட்டுங்க" என்றார் மயில்சாமி.

ஓட்டையில் திணித்ததில் ஒன்றை எடுக்கவில்லை. திணித்தது யார் என்று அவர் கேட்கவில்லை. கும்பிட்டுவிட்டு, பொங்கலுக்குச் சொந்த ஊர் போகக் குண்டடம் பஸ் ஏறிவிட்டார்.

போச்சு. மறுபடி கழட்டி, பிரிச்சு — ஒரு வாரம் ஆச்சே போன தடவை! இருக்கறது நாலு நாள். ஃபேன், சேர், புக்கு. மச்சான் மச்சான்னு டீ குடுத்து விடுவாங்க. நான் என்ன பண்ணப் போறேன்?

ஜனவரி 15

பொங்கல். சின்னாத்தாள் வீட்டிலிருந்து தூக்குப்போசியில் பொங்கல் வந்தது. சாப்பிட்டேன். வேறொன்றும் செய்யவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்தால் லாரிக்கு அடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மாட்டுப் பொங்கலன்று, வீட்டில் நான்கு மாடு வைத்திருப்பவரின் கால்கள்.

"மாட்டுக்கு வெடியால பொங்க வெச்சுப்போட்டு வந்துட்டனுங்க."

"நாளும் அதுவுமா ஏனுங்க மயில்சாமி?"

"நீங்க சேர்ல ஒக்காந்துட்டா நான் யாருகூடங்க சண்டை போடறது?"

ஆயுதங்களுக்கும் இன்று பொட்டு வைப்பார்களாம். புல்லருக்கு, பைப் துண்டுக்கு, ஸ்டாண்டுக்கு, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "தறித் தட்டுதானே, நல்லா வையுங்க" என்றேன்.

போன தடவை ஒரு வாரம் பிடித்தது கருவி செய்வதற்கு, பிரிப்பதற்கு அல்ல. இது இன்று மாலைதான் எனக்கு விளங்கியது. இருட்டுவதற்குள் பாக்ஸ் திறந்து கிடந்தது. துணி பல்லுக்கிடையில் இருந்தது. ஓரம் அரைபட்டிருந்தாலும் சாயம் போகவில்லை. அஃப்சலின் சரக்கு தரமானது என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சாட்சி சொல்வேன்.

ஜனவரி 17

மூடுவதற்கு முன், இந்தத் தடவை ஓட்டைகளை அடைத்திருந்த துணிகளை அஜீஸுன்னிசா ஒவ்வொன்றாக எண்ணி வாங்கி, கொடியில் வரிசையாகப் போட்டாள். எல்லாம் வந்துவிட்டது என்று அவள் சொன்ன பிறகுதான் போல்ட் முறுக்கினோம்.

ஓடுகிறது. வாடை இல்லை. எண்ணெய் எண்ணெயாகவே வடிந்தது.

சின்னாத்தாளிடம் போசியைக் கொடுத்து நன்றி சொல்லப் போனேன். "தட்டைக் கொண்டாந்தீங்களா?" என்றார். இல்லை என்றேன். "கொண்டாந்துராதீங்கொ" என்றார். வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தேன். ஒரு கியர் நிற்பதற்கு இத்தனை பேருடைய நல்ல மனசு தேவைப்படும் என்று நான் படித்த எதிலும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

ஜனவரி 19, திங்கள்

கம்பெனி கேட் திறந்தபோது முதல் வண்டி எங்களுடையது. மயில்சாமி தேவையில்லாமல் ஹாரன் அடித்தார். நான் தடுக்கவில்லை.

ஜனவரி 27

ஈரோட்டுக்கு இரண்டு நடை. கோடவுனுக்கு அஃப்சல் வேறு ஆள் எடுத்துவிட்டார். மூலனூர்க்காரர். போன மாதம் வரை சொந்தமாக லாரி வைத்திருந்தாராம்.