சீயக்காயும் ஆப்பிரிக்கா ரங்கம்மாவும்

16-11-66, புதன்

விடாத தூறல். மடித்துணி ஒன்றும் காயவில்லை. மத்தியானம் நான் கீரை ஆய, மாட்டுப்பெண் வசந்தா, காலேஜ் டீச்சர் தனக்குக் கொடுத்த இங்கிலீஷ் நாவலைத் தமிழில் சொன்னாள். திருச்சியில் எம்.ஏ. படிக்கிறாள். பிள்ளைக்குப் பம்பாயில் வேலை.

கதை ஆப்பிரிக்காவில். வெள்ளைக்காரன் போய்ச் சொந்த ராஜ்யம் வந்தாச்சு. வீட்டுக்குள் மட்டும் அதே பழைய ராஜா, புருஷன். பெண்டாட்டி சந்தையில் கடை போடக் கூடாதாம். அவள் பெயர் வாயில் நுழையவில்லை. ரங்கம்மா என்று வைத்துக்கொண்டேன்.

இவர் சாய்வு நாற்காலியில், பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு. ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. கேட்கவில்லையாம்!

17, வியாழன்

வெளியே வெயில். வீட்டுக்குள் இடி. வசந்தா பஸ்ஸில் தோழியோடு சிரித்தாளாம். கோவிலில் யாரோ இவர் காதில் ஓதியாச்சு.

"நாளையிலேர்ந்து காலேஜ் வேண்டாம். படிச்சது போறும்."

"ஏன்னா, சிரிச்சதுக்கா? அப்போ என்னை என்னிக்கோ தள்ளி வச்சிருக்கணுமே!"

அசையவில்லை மனுஷர். திங்களன்று வசந்தா இந்த நாவலைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். பேசாவிட்டால் பரீட்சைக்கு விடமாட்டார்களாம். அழுது அழுது முகம் வீங்கிவிட்டது.

அவள் வாயைத் திறக்க வைக்க மேலே கதை கேட்டேன். அங்கே ஒருத்தன் பெண்டாட்டியைப் படுத்தினால், ஊர்ப் பெண்கள் அவன் வீட்டைச் சுற்றி உட்கார்ந்து, உலக்கையைத் தட்டி, அவனை ஏசிப் பாடுவார்களாம். அவன் இறங்கி வரும்வரை நகர மாட்டார்களாம்.

அடடே, நம்ம சம்பந்தி ஏசல்! கல்யாணத்துக்குக் கல்யாணம் நான் பாடுவதுதானே.

19, சனி

இவருக்கு எண்ணெய்க் குளியல். உச்சி முதல் உள்ளங்கால்வரை நல்லெண்ணெய். குளிக்கும் அறைக் கதவு சாத்தியதும் பக்கத்துவீட்டுப் பங்கஜத்தையும் அவள் ஓரகத்தியையும் கூப்பிட்டேன். உலக்கை, தாம்பாளம், கரண்டி. சீயக்காய்ப் பொடி என் இடுப்பில் பத்திரம்.

"கதவைச் சாத்திண்டு குளிக்கிற மாமா,
காலேஜ் கதவைச் சாத்தலாமா?"

"ஏண்டி, என்ன கூத்து இது? சீயக்காய் எங்கே?"

"ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கு!"

அடுத்த அடிக்குப் பங்கஜம் இவர் வழுக்கையை எடுத்தாள். நான் குறட்டையை. வசந்தா அடுப்படியில், புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு.

"எண்ணெய் இறங்கி கண் எரியறதுடி!"

"ரெண்டு நாளா அவளுக்கும்தான்."

உள்ளே சொம்பு உருண்டது. பிறகு, "போகட்டும். நன்னா பேசச் சொல்லு."

கதவிடுக்கில் சீயக்காயை நீட்டினேன்.

20, ஞாயிறு

வாங்க வேண்டியது: பெருங்காயம், திரி, சீயக்காய் (பாதி சிந்தியாச்சு), வசந்தா பேனாவுக்கு மை. இவர் என்னோடு பேச்சில்லை. ஆனால் தாளம் பிசகியதைப் பங்கஜத்தின் புருஷனிடம் சொன்னாராம்.

21, திங்கள்

கொட்டுகிற மழை. வசந்தா காலையிலேயே போயாச்சு. சாயங்காலம் இவர் குடையோடு பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பினார்.

"எதுக்கு? யாரோட சிரிக்கிறாள்னு வேவு பார்க்கவா?"

"மழைடி." வாசல்வரை போய்த் திரும்பினார். "அந்தப் புத்தகத்தை இன்னிக்கே டீச்சர்ட்ட திருப்பிக் கொடுத்துடுவாளோ?"

"கொடுக்கத்தான் வேணும். ஏன்?"

"ரங்கம்மா கடை போட்டாளா இல்லையா?"