மறுநாளுக்குப் போட்ட துண்டு

அன்புள்ள வீட்டு மகாராணிக்கு,

முதலில் என் மானம் போன கதை. உன் முழங்கால் வலியைப் பிறகு விசாரிக்கிறேன். ஆபீசைப் புதுப்பிக்கிறோம் என்று தடுப்புகளை இடித்துவிட்டார்கள். இனி யாருக்கும் சொந்த மேசை கிடையாது. காலையில் முந்தி வருபவர் பிடித்த இடத்தில் உட்காரலாம்; மாலையில் காலி செய்துவிட வேண்டும். உன் படத்தை வைக்க எனக்கு ஜன்னலோர மேசைதான் சரி. நேற்றுக் கிளம்பும்போது நாற்காலியில் துண்டைப் போட்டேன். மேனேஜர் பார்த்துவிட்டார்.

“என்ன சார், பஸ்ஸா இது?”

“பஸ்னா கண்டக்டராவது எனக்குப் பரிஞ்சு பேசுவார் சார்.”

துண்டு பறிமுதல். நான் விடுவதாக இல்லை. இன்னொன்று அனுப்பு, புதிது வேண்டாம், நீ தலை துவட்டியதே போதும். முழங்கால் எப்படி இருக்கிறது? நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்

பி.கு.: எங்கள் தளத்தில் அறுபது மேசைகள். எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால், தினமும் வருவது நானும் மேனேஜரும்தான்.