அரை நொடி கழித்து ஒரு குரல்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றும் குறையில்லை. நீயும் மாமாவும் குட்டியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதமும் அதற்குள் நீ மடித்து வைத்திருந்த விண்ணப்பப் படிவமும் வந்து ஒன்பது நாளாகிறது. பதில் ஏன் வரவில்லை என்று மாமாவைப் பிடுங்கி எடுத்திருப்பாய். அவர் பாவம், பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டிருப்பார்.

உன் பள்ளிக்கூடத்தில் எனக்குத் துணை முதல்வர் வேலை. ஆபீஸை நடத்துகிறவள் நீ என்பதால் எனக்கு எந்த அறை, எந்த மேசை, ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை என்பது வரைக்கும் முடிவு செய்துவிட்டாய். ஆளைப் போடுவது தாளாளரா நீயா என்றே எனக்குச் சந்தேகம். ஆறு வருடம் வெளிநாட்டில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேரைத் தேற வைத்தவள் என்று அவரிடம் என்னை ஏற்றி வைத்திருக்கிறாய். இனி நான் இறங்கினால் உனக்குத்தான் தலைகுனிவு.

இங்கே என் ஒப்பந்தம் முடிய ஏழு வாரம் இருக்கிறது. எங்கள் பயிற்சி நிலையத்தின் இயக்குநரும் ஒன்று சொல்லியிருக்கிறார். இன்னும் மூன்று வருடம் இருந்தால், புதிதாக வரும் ஆசிரியர்களைத் தயார் செய்கிற பொறுப்பு எனக்காம். உங்க முறைய அப்படியே அவங்களுக்கும் சொல்லிக்குடுங்க, அது போதும் என்கிறார். தாளாளரும் அதையேதான் கேட்கிறார், பார்த்தாயா? உங்கள் கற்பிக்கும் முறை பற்றி ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதவும் என்று படிவத்தின் கடைசியில் இருக்கிறது. மற்றதையெல்லாம் பத்து நிமிடத்தில் எழுதி முடித்தேன். அந்தப் பக்கம் மட்டும் ஒன்பது நாளாக வெள்ளையாக இருக்கிறது.

ஒரு விஷயம் இருக்கிறது அக்கா. போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இன்று கை ஓடவில்லை. குட்டிக்குப் பல் விழுந்ததா என்று எழுது.

அன்புடன்,
உன் தங்கை


அக்காவுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் இதை எழுதுகிறேன். காத்திருந்தால் எழுதாமலே விட்டுவிடுவேன்.

எங்கள் நிலையம் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. இரண்டே அறை. ஷிப்டுக்குப் போகும் முன் வருகிறவர்களுக்காகக் காலை ஐந்தரைக்கே வகுப்பு. முப்பது, நாற்பது வயது ஆட்கள். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கைகளால் பேனாவை ஸ்பேனர் மாதிரி பிடிப்பார்கள். பன்னிரண்டு வாரம் முடித்தால் ஒரு சான்றிதழ் உண்டு. அது கையில் இருந்தால் தொழிற்சாலையில் நல்ல வேலைக்கு மாறலாம்.

பன்னிரண்டு வாரத்தில் யாருக்கு இங்கிலீஷ் வரும்? நேர்காணல் எடுப்பவர்களுக்குப் பொறுமை கிடையாது. புரியாமல் முழித்தால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கேட்டது புரியாவிட்டாலும் நிமிர்ந்து நில்லுங்கள், எதிரே இருப்பவரின் கண்ணைப் பாருங்கள், ஒரு தலையசைப்பு, பிறகு தெளிவாக ‘எஸ் சார், அண்டர்ஸ்டுட்.’ தினமும் இருபது தடவை, எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும். தூக்கத்தில் எழுப்பினாலும் அவர்களுக்கு அது வரும். தாளாளர் கேட்கிற என் முறை அதுதான். தொண்ணூற்றாறு அப்படி வந்ததுதான்.

ஒன்றரை வருடத்துக்கு முன் ஒருவர் படித்தார். பெயின்ட் தொழிற்சாலையில் மூட்டை தூக்கினார். நகத்தில் எப்போதும் நீலம் ஒட்டியிருக்கும் என்பதால் பெயின்டர் என்று கூப்பிட்டோம். சுவரில் ஒரு கோடுகூட இழுத்தறியாத பெயின்டர். எல்லோரும் அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்த பிறகு, அரை நொடி கழித்து, கடைசி பெஞ்சிலிருந்து அவர் குரல் மட்டும் வரும். வகுப்பே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் விடவில்லை. ஒரு வாரம் அவரைத் தனியாக நிற்கவைத்துச் சொல்லச் சொன்னேன். தாமதம் போய்விட்டது. ஆங்கிலத்தில் சொல்லப்படுவதைப் புரிந்து நடக்கக்கூடியவர் என்று சான்றிதழில் அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டவள் நான்.

அந்தச் சான்றிதழை வைத்து அவரை இயந்திரப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பெயின்ட் கலக்கும் தொட்டிகள் இருக்கின்றன. உள்ளே இறங்கிச் சுரண்டிக் கழுவ வேண்டும். புதிதாக வந்த மேற்பார்வையாளருக்கு இந்த ஊர் பாஷை தெரியாது. கரண்ட்டை இன்னும் நிறுத்தவில்லை, நான் வரும்வரை இறங்காதே என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பெயின்டர் இறங்கிவிட்டார். அவர் உள்ளே இருப்பது தெரியாமல் அந்தப் பக்கம் யாரோ விசையைப் போட்டார்கள். இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது.

சான்றிதழின் நகல் கேட்டு வந்த கம்பெனி ஆள்தான் எனக்கு இதைச் சொன்னார். ரெண்டு தடவ கேட்டேன், ரெண்டு தடவையும் கண்ணப் பாத்து புரிஞ்சுதுன்னு தெளிவாச் சொன்னாரே என்று மேற்பார்வையாளர் விசாரணையில் அழுதாராம். அவர் பொய் சொல்லவில்லை. பெயின்டர் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

அதற்குப் பிறகும் நான் வகுப்பு எடுத்தேன் அக்கா. இருபத்திரண்டு பேர் சேர்ந்து அந்த வாக்கியத்தைச் சொல்வார்கள். சொல்லி முடித்து அரை நொடி கழித்து இன்னொரு குரல் வரும். யாரும் சிரிக்காததால், அது எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று தெரிந்துகொண்டேன். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் என்று சொல்லிப் பார்த்தேன். கடை பூட்டியிருந்த நாளிலும் வந்தது. அந்த வாக்கியத்தைப் பாடத்திலிருந்தே எடுத்துவிட்டேன். இப்போது வீட்டுக்காரம்மா ஏதாவது கேட்டு நான் சரி என்றால்கூடப் பின்னாலேயே வருகிறது. பயமாக இருக்கிறதா என்று கேட்பாய். பயம்தான். அது வராத நாளில் நான் எப்படிப்பட்டவளாக ஆகியிருப்பேன் என்பது அதைவிடப் பயம்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு பெண் வகுப்பில் சேர்ந்தாள். எத்தனையோ இடம் காலியாக இருக்க, நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் அவருடைய இடத்தில் உட்கார்ந்தாள். படிவத்தைப் பார்த்த பிறகுதான் பெயின்டரின் மனைவி என்று தெரிந்தது. கம்பெனி அவளுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறதாம். படித்துச் சொல்லச் சொன்னால் ஆளுக்கு ஆள் பாதியை விழுங்குகிறார்களாம். அதைத் தானே படிக்க வேண்டும் என்பதற்காக வந்திருக்கிறாள். முதல் நாளே என்னிடம் ஒன்று கேட்டாள். அவர் கண்ணாடி முன்னாடி நின்னு ஒண்ண சொல்லிட்டே இருப்பார் டீச்சர், அத எனக்கும் சொல்லித் தாங்க. நான் பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன். அது இப்போது பாடத்தில் இல்லை என்று சொன்னேன்.

தங்கை


அக்கா,

உன் பதில் வந்தது. நீயா அவரைத் தள்ளிவிட்டாய், எல்லா டீச்சரும் செய்கிறதைத்தான் நீயும் செய்தாய், மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் படிவத்தை அனுப்பு, தாளாளர் தினமும் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறாய். நீ அன்பில் எழுதியது எனக்குத் தெரிகிறது. அதனால்தான் கோபம்கூட வரவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்தாள். பிறகு பையிலிருந்து கம்பெனிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். மொதல்லேந்து கடைசி வரைக்கும் படிங்க, எனக்குப் புரியாதுன்னு எதையும் விட்றாதீங்க என்றாள். படித்தேன். எச்சரிக்கை தரப்பட்டது, புரிந்ததாகத் தொழிலாளி உறுதி சொன்னார், சான்றிதழ் நகல் இணைப்பு, ஆகவே கவனக்குறைவு அவருடையதே. அப்ப அவர் தப்பாலதான் அவர் செத்தார்னு எழுதியிருக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அது நெஜமா என்றாள். இல்லை என்றேன். அப்ப நீங்க எழுதுங்க என்றாள். என்னை மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

எழுதினேன். நான் என்ன சொல்லிக்கொடுத்தேன், எதற்குக் கையெழுத்துப் போட்டேன் என்று நான்கு பக்கம் எழுதி, அதே கையெழுத்தைப் போட்டு விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். இயக்குநர் கூப்பிட்டார். பயிற்சிப் பொறுப்பு இல்லை, அனுபவச் சான்றிதழும் கிடையாது. அதற்கு நான் தயாராகத்தான் போனேன். ஆனால் அவர் இன்னொன்று சொன்னார். உங்க கையெழுத்த நம்பி முந்நூறு பேர் வேலையில இருக்காங்க, அத்தன பேர் வயித்துலயும் அடிச்சிட்டீங்க.

அந்த முந்நூறு பேரும் இந்த நேரம் ஏதோ ஓர் இயந்திரத்தின் முன்னால்தான் நின்றுகொண்டிருப்பார்கள். மீதமுள்ள நான்கு வாரத்தில் அவர்களைத் தேடிப் போகிறேன். ஷிப்ட் முடிகிற நேரத்துக்குத் தொழிற்சாலை வாசல்களில் நிற்கிறேன். இதுவரை நாற்பத்தொரு பேரைப் பார்த்துவிட்டேன். நடந்ததைச் சொல்லி, புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள், வேலை போனாலும் பரவாயில்லை என்று கெஞ்சுகிறேன். எல்லோருக்கும் என்னைப் பார்த்ததில் சந்தோஷம். நிமிர்ந்து நின்று, என் கண்ணைப் பார்த்து, ‘எஸ் மேடம், அண்டர்ஸ்டுட்’ என்கிறார்கள்.

குரல் நின்றுவிட்டதா என்று கேட்பாய். இல்லை. இப்போதெல்லாம் யார் என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்வதில்லை. அது வந்து போகட்டும் என்று காத்திருக்கிறேன்.

படிவத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். கடைசிப் பக்கத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. தாளாளரிடம் என்ன சொல்வாயோ, உன் பாடு. உண்மையைச் சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை.

ஒப்பந்தம் முடிந்ததும் வேலை இல்லாமல், காட்டுவதற்கு ஒரு காகிதம்கூட இல்லாமல் வருவேன். கொஞ்ச நாள் உன் வீட்டில் இருக்க இடம் கொடு. அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்காதே என்று சொல்லமாட்டேன். கேள், அக்கா. நான் சரி சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனால் மட்டும் விட்டுவிடாதே. கையைப் பிடித்து நிறுத்தி இன்னொரு தடவை கேள்.

உன்னை நம்பி வருகிற
தங்கை