வயிற்று மூட்டை

அன்பு மகளுக்கு,

சாப்பாட்டை நிறுத்திவிட்டு, விஷம் தடவிய விதையை மட்டும் எங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனது நீ வேலை செய்கிற தொண்டு நிறுவனம்தான். நலமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும், இப்போது கேட்கிறேன், உன் இருமல் விட்டதா? இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, அண்ணன் மறுபடியும் செங்கல் சூளைக்குப் போய்விட்டான், மற்றவர்கள் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் சொன்னால் பொய்.

முதல் தடவை உங்கள் லாரியில் வீட்டுக்கு இரண்டு மூட்டை வந்தது. ஒன்று விதைக்கிற மக்காச்சோளம், பூச்சிமருந்து தடவி இளஞ்சிவப்பாக இருக்கும். இன்னொன்று சாப்பிடுகிற சோளம். மண் மூட்டை, வயிற்று மூட்டை என்று நாங்களே பேர் வைத்தோம். அறுவடை வரைக்கும் வயிற்று மூட்டை தாங்கியதால் விதை முழுக்க மண்ணுக்குப் போனது. பசி தாங்காமல் விதையைத் தின்றுவிட்டு வெறும் நிலத்தைப் பார்த்து உட்காருகிற பிழைப்பு அப்போதுதான் மாறியது, அண்ணனும் சூளைக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. ஆனால் உங்கள் ஆட்கள் வந்து, நிறைந்த சோளக் கொட்டகை முன்னால் என்னை நிறுத்திப் படம் எடுத்தார்கள், நானும் கல்யாணப் பெண் மாதிரி பல்லைக் காட்டி நின்றேன். அதைப் பார்த்துத்தான் இவர்கள் சொந்தக் காலில் நின்றுவிட்டார்கள், இனி விதை மட்டும் போதும் என்று முடிவு செய்தார்களாம், லாரிக்காரர் சொன்னார். ஒரு விளைச்சலில் யாருக்கடி கால் முளைக்கும்? அடுத்த வெள்ளாமை கதிர் பிடிக்கிற நேரத்தில் மழை நின்று பதராய்ப் போனது. கொட்டகையில் எலிகூட இல்லை, அதற்கும் மானம் உண்டல்லவா.

இப்போது மழைக்காக மண் மூட்டை மட்டும் காத்திருக்கிறது. போன வாரம் உன் அண்ணி அதிலிருந்து ஒரு சட்டி அள்ளித் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். "நெறமெல்லாம் போயிடுச்சு அத்தை, இனிமே ஒண்ணும் பண்ணாது, குழந்தை அழுவுறதைப் பாக்க முடியல" என்றாள். நான் பிடுங்கிக் குப்பையில் கொட்டினேன், பயத்தில் மண் போட்டு மூட மறந்துவிட்டேன். கொத்தித் தின்ற அடைக்கோழி பொழுது சாய்வதற்குள் கழுத்தை மடித்துக்கொண்டது. உன் அண்ணி அதைப் பார்த்ததிலிருந்து குழந்தையை இடுப்பை விட்டு இறக்குவதில்லை. நான் மூட்டையைத் தலைமாட்டில் வைத்துப் படுக்கிறேன்.

எங்கள் வீட்டைக் காவல் காத்துவிடுவேன், ஊரை எப்படிக் காப்பேன்? அடுப்பு புகைந்தால் மனசு குளிர்ந்த காலம் போய், எந்தக் கூரையில் புகை கிளம்பினாலும் விதைதான் வேகிறதோ என்று எழுந்துவிடுகிறேன். போய் எட்டிப் பார்க்கிறேன். கிணறு வெட்டுகிறவர் பெண்டாட்டி நேற்று, "என்ன மதினி, என் உலையில என்ன வேகுதுன்னு வேவு பாக்க வந்தியா? உக்காரு, உனக்கும் ஒரு தட்டு வைக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே பானையை மூடினாள். கோழி செத்ததைச் சொன்னேன். "கோழிக்குக் கழுவத் தெரியுமா?" என்றாள். அவள் வீட்டு மூட்டை பாதிதான் இருந்தது. இன்னும் யாரும் விதைக்கவில்லை.

நீ வேளைக்குச் சாப்பிடு, எங்களை நினைத்துப் பட்டினி கிடக்காதே, அதனால் இங்கே ஒரு மணி தானியமும் கூடிவிடாது. மேலதிகாரி முன்னால் தலை குனிந்து நிற்காதே, நாங்கள் கேட்பது தானம் இல்லை, விதை மண்ணுக்குள் போய்ச் சேர ஒரு காவல். அப்பாவின் ஆசீர்வாதமும் என் முத்தமும். நீ நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அம்மா

கடிதத்தை மடிக்கும்போது கிணறு வெட்டுகிறவர் கூரையில் மறுபடியும் புகை. நான் ஓடுகிறேன். வயிற்று மூட்டை என்றைக்குக் கிளம்புகிறது, அதை மட்டும் சொல்.