ரத்தத்தில் தெரியாத நோய்

அன்புள்ள மச்சான்,

இன்று காலை சிராங்கூன் சாலை வழியாக வேலைக்கு நடந்தபோது, நீங்கள் எழுத்துக் கோத்த அச்சகத்தின் கதவு திறந்திருந்தது. மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை தெருவரை வந்தது. அந்த வாடையோடுதான் தினமும் வீட்டுக்கு வருவீர்கள். லாத்தா கை கழுவச் சொல்லி அதட்டுவாள். நீங்கள் மவுத்தாகி மண்ணுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. இருந்தும் அந்த இடத்தைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டேன்.

எனக்கு மூத்தவளான லாத்தாவை நீங்கள் நிக்காஹ் செய்த வருடம்தான் எனக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறையில் வேலை கிடைத்தது. "நம்ம வீட்டுலயே ஒரு டாக்டர் இருக்காரு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

முதலில் உங்கள் இடக்கண் மங்கியது. சிவப்பு மையைக் காட்டி, "இது ஏன் வெளுத்த செங்கல் மாதிரி தெரியுது?" என்று கேட்டீர்கள். ஒரு மாதத்தில் அது தானாகச் சரியானது. அடுத்த வருடம் கால்கள். காலையில் நன்றாக நடப்பீர்கள். வெயில் ஏறி அச்சகத் தகரக்கூரை கொதித்ததும் கால் கனத்துவிடும். எழுத்துப் பெட்டிமேல் தலை குனிந்தால் முதுகுத்தண்டில் மின்சாரம் இறங்குகிறது என்றீர்கள்.

முதலாளி நம்பவில்லை. "காலையில ஒரு காலு, மத்தியானம் ஒரு காலா? நல்லா நடிக்கிறான்" என்று எல்லோர் எதிரிலும் சொன்னார். டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் ஓய்வு தருவேன் என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

உங்கள் ரத்தத்தை நானேதான் எடுத்தேன். கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாயில் அதை ஏற்றிச் செங்குத்தாக நிறுத்தினேன். உடம்புக்குள் எங்காவது அழற்சி இருந்தால் ஒரு மணி நேரத்தில் சிவப்பு வேகமாகக் கீழே இறங்கும், மேலே மஞ்சள் நீர் தெளியும் என்று விளக்கினேன். நீங்கள் முக்காலியில் உட்கார்ந்து குழாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுடையது ஐந்தே கோடு இறங்கியது.

"என்ன சொல்லுது மாப்ளே?"

"நல்ல ரத்தம் மச்சான். ஒண்ணுமே இல்லை."

உங்கள் முகம் வாடிவிட்டது. நோய் இல்லை என்றதற்கு ஒரு மனிதர் வருந்துவாரா என்று அப்போது எனக்குப் புரியவில்லை. வெள்ளைக்கார டாக்டர் நான் முடிவு எழுதிய சீட்டைப் பார்த்தார். உங்கள் காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், மனத்தளர்ச்சி, வேலைக்குத் தகுதி என்று எழுதினார்.

"அப்ப என் காலு பொய் சொல்லுதா?" என்று வாசலில் கேட்டீர்கள்.

"நீங்கதான் மனசை விட்டுட்டீங்க. கொஞ்சம் தைரியமா இருங்க" என்றேன்.

டாக்டர் எழுதியது அவரோடு போகட்டும். இதைச் சொன்னது நான்.

மூன்று வாரம் கழித்து, கோத்து முடித்த பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போகையில் விழுந்தீர்கள். ஈய எழுத்துகள் தரையெல்லாம் சிதறின. அன்றோடு வேலை போயிற்று. மழைக்காலம் வருவதற்குள் இடுப்புக்குக் கீழே எதுவும் உங்கள் சொல் கேட்கவில்லை.

மலாக்காவிலிருந்து மாற்றலாகி வந்த இளம் டாக்டர் ஒருவரை நான் கெஞ்சி வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவர் சாவியின் முனையால் உங்கள் உள்ளங்காலைக் கீறினார். பெருவிரல் மடங்காமல் மேலே எழும்பியது. நோய் தண்டுவடத்தில் இருக்கிறது, நிஜமான நோய், ஆனால் மருந்து இல்லை என்றார். நான் குழாயைப் பற்றிச் சொன்னேன். "இந்த நோயில் ரத்தம் பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கும். உன் எண் சரி. அதை வைத்து முடிவு செய்ததுதான் தவறு" என்றார்.

உங்களிடம் அதைச் சொல்லி அழுதேன். நீங்கள் என்னைத் தேற்றவில்லை. "அச்சகத்துல போய்ச் சொல்லு. நான் நடிக்கலேன்னு சொல்லு" என்றீர்கள்.

மறுநாளே போய், எல்லோரும் கேட்கும்படி சொன்னேன். முதலாளி கணக்குப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். ஆனால் கூட வேலை செய்த நான்கு பேர் அன்று மாலை உங்களைப் பார்க்க வந்தார்கள்; நீங்கள் அவர்களோடு சிரித்துப் பேசினீர்கள். அதற்குப் பிறகு அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. படுக்கைப்புண்ணில் காய்ச்சல் கண்டு, ஒரு வெள்ளிக்கிழமை போய்விட்டீர்கள்.

என்னை மன்னித்தீர்களா என்று கேட்கவே இல்லை. கேட்கத் துணிவில்லை. நீங்கள் போன பிறகு லாத்தாவிடம் கேட்டேன். "அவரு உன்மேல கோவப்பட்டாரு. ஆனா உன்னைப் பத்தி யாரையும் ஒரு வார்த்தை பேச விடலை" என்றாள்.

போன வாரம் ஒரு சீனத் தையல்காரப் பெண்ணின் ரத்தம் வந்தது. கை மரத்துப்போகிறதாம். நான்கு கோடுதான் இறங்கியது. அதே வெள்ளைக்கார டாக்டர் சீட்டை வாங்கி, "ஒன்றுமில்லை, அப்படித்தானே?" என்றார். அந்த அறையில் நானாக வாய் திறப்பவன் அல்ல. ஆனாலும் திறந்தேன்.

"ரத்தத்தில் ஒன்றுமில்லை, ஐயா. அந்தப் பெண் வெளியே உட்கார்ந்திருக்கிறாள். தயவுசெய்து ஒருமுறை அவளைத் தொட்டுப் பாருங்கள்."

அவர் என்னை ஒருமுறை முறைத்தார். பிறகு எழுந்து வெளியே அந்தப் பெண்ணிடம் போனார்.