ஆண் மரம் இல்லாத தோட்டம்

அன்பு மகன் நிஸாருக்கு உம்மா மப்ரூக்கா துஆவுடன் எழுதுவது. ஆண்டவன் கிருபையால் எல் குத்தாரில் நாங்கள் மூவரும் நலம், மூட்டு வலியைத் தவிர எனக்கும் குறையில்லை. லியோனில் குளிர் தொடங்கிவிட்டதாமே, நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கவலை. போனில் பேசினால் பாதியில் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள், இதை முழுசாகச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நம் பிஸ்தாத் தோட்டம் மூன்று வருடமாக வெறும் ஓடாகக் காய்த்ததும், அறுவடை முடிந்ததும் விற்றுவிடலாம் என்று நீயும் உன் தம்பி ரிதாவும் பேசி, நானும் சரி என்று சொன்னதும் உனக்குத் தெரியும். கிடங்கு கட்டப்போகிறவர் வந்து அளந்துகூடப் பார்த்துவிட்டார். அப்போதுதான் ரிதாவின் மனைவி சிஹெம், "ஒரே ஒரு வருஷம் என்கிட்ட விடுங்க மாமி" என்றாள். கெர்க்கென்னா தீவுக்காரி, மீன்பிடிக்கிறவர் மகள், கல்யாணமாகி வரும்வரை பிஸ்தா மரத்தைப் பார்த்ததே இல்லை. உனக்கு எதற்கடி இது என்று கேட்டேன். "மீன் கொறைஞ்சதும் எங்க வாப்பா படகை வித்தாரு. அடுத்த வருஷமே மத்த படகுக்காரங்க வேற பக்கம் வலை போட்டு நல்லாப் புடிச்சாங்க. அவரு இப்ப கடற்கரைப் பக்கமே போறதில்ல. இந்த மரத்துக்கு என்ன கேடுன்னு தெரிஞ்சுக்காம விக்காதீங்க" என்றாள்.

அன்றிலிருந்து இவள் என்னதான் செய்கிறாள் என்று பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. மரம் மரமாக நின்று கிளையை வளைத்துப் பார்ப்பாள், அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களையெல்லாம் கேள்வி கேட்டுத் துளைப்பாள். ஒருநாள் வந்து, "இங்க ஆண் மரம் எங்க மாமி?" என்றாள். ஆண் பூவின் தூள் பட்டால்தான் பெண் மரத்து ஓட்டுக்குள் பருப்பு பிடிக்குமாம். இரண்டு இருந்தன. ஒன்று வறட்சியில் பட்டுப்போனது, இன்னொன்றைக் காய்க்காத மரத்துக்குத் தண்ணீர் எதற்கு என்று ரிதா வெட்டி விறகாக்கினான். அதைச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் ரிதா வேனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

வசந்தத்தில் மலைக்கு அந்தப் பக்கம் பெல்காசெம் தோட்டத்துக்குப் போய் ஆண் பூங்கொத்துகளைக் கேட்டு வாங்கி வந்தாள். என் கட்டிலில் காகிதம் விரித்துத்தான் காயவைத்தாள், எனக்குத் தரையில் படுக்கை. உதிர்ந்த மஞ்சள் தூளைச் சலித்து, மாவு கலந்து, என் பழைய காலுறையில் போட்டு நாணல் கம்பில் கட்டி, காலை வேளையில் மரத்துக்கு மரம் உதறினாள். ஊரே வேலியோரம் நின்றது. "என்ன மப்ரூக்கா, மரத்துக்கெல்லாம் நிக்காஹ் நடக்குதாமே, எங்களுக்கு அழைப்பு இல்லையா?" என்று கேலி. பெல்காசெம் வந்து, "மாப்பிள்ளை வீட்டுக்காரன் நான், எனக்கு விருந்து எங்கே?" என்றார். சிஹெம் கம்பைக் கீழே வைக்காமல், "மொதல்ல புள்ளை பொறக்கட்டும் மாமா" என்றாளே பார்க்கணும்.

பிறந்தது, மகனே. கம்பு எட்டிய கிளைகளில் ஓடு பிளந்து பச்சைப் பருப்பு தெரிந்தது, எட்டாத உச்சிக் கிளைகள் பெரும்பாலும் வெறும் ஓடுதான். ரிதா ஒவ்வொரு கிளையிலும் ஒன்று பறித்து உடைத்துப் பார்த்தான். மறுநாள் வேன் சவாரிக்குப் போகுமுன் அவனே தண்ணீர் திறந்துவிட்டுப் போனான். கிடங்குக்காரர் வந்தபோது இப்போது விற்பதாக இல்லை என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். உன்னைக் கேட்காமல் சொன்னது உனக்குக் கோபமாக இருக்கும், இருக்கட்டும்.

வருஷா வருஷம் காலுறையை உதறிக்கொண்டிருக்க முடியாது, ஆண் கன்றுகள் நடவேண்டும் என்கிறாள். வடக்கு வேலியோரம்தான் சரியாம், காற்று அங்கிருந்துதான் வருகிறதாம். அது உன் பங்கு. "நட்டா பூக்க ஏழெட்டு வருஷமாகும். அப்ப நீங்க இருப்பீங்களா மாமி?" என்று சுற்றிவளைக்காமல் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும், நீ இருப்பாயா என்று திருப்பிக் கேட்டேன். "இருக்கத்தான் நெனைக்கிறேன். ஆனா பெரிய மச்சான் என்ன நெனைக்கிறாருன்னு யாருமே கேக்கலையே" என்றாள்.

அவள் சொன்னது நிஜம். விற்கலாமா என்று உன்னைக் கேட்டிருக்கிறோம், உனக்கு வேண்டுமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதனால் இப்போது கேட்கிறேன். எனக்குப் பிடிக்கும்படி எழுதாதே, உள்ளதை எழுது. வேண்டாம் என்றாலும் உன் உம்மாவுக்கு நீ பிள்ளைதான்.

அல்லாஹ் உன் கைக்கும் காலுக்கும் பலம் தரட்டும், நல்ல மனிதர்கள் நடுவே உன்னை வைக்கட்டும். ஹரிஸா மிளகாய் விழுது ஒரு போத்தல் அனுப்பியிருக்கிறேன், மேலே எண்ணெய் மூடியபடியே இருக்கவேண்டும். பதிலை மழைக்கு முன் எழுது, கன்று நடுவது அப்போதுதான்.

உன் உம்மா,
மப்ரூக்கா